மே மாதம் சென்னையிலிருந்து குருகிராம்: ஒரு லாப்ரடார், இரண்டு பூனை, இரண்டு பிள்ளைகள். ரயிலா, காரா?

அடையாறு வாசி

வேலை மாற்றம். மே மூன்றாம் வாரம் வீட்டைக் காலி செய்து குருகிராம் போகிறோம். பெரியவர்கள் இருவர், 11 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். லாப்ரடார் ஆண், 6 வயது, 32 கிலோ. பூனைகள் இரண்டும் நாட்டுப்பூனை, ஆண் ஒன்று பெண் ஒன்று, கருத்தடை ஆகிவிட்டது. நாய்க்குக் கார் பழக்கம் உண்டு. பூனைகள் டாக்டரிடம் போகிற இருபது நிமிடத்துக்கே கத்தித் தீர்த்துவிடும், ஆண் பூனை வாந்தியும் எடுக்கும்.

சொந்தமாக 7 பேர் உட்காரும் டீசல் வண்டி இருக்கிறது. சாமான் லாரியில் போகும். விமானம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது: இந்த எடைக்கு நாய் சரக்கு அறையில்தான் போகவேண்டும், ஏற்றுவதற்கு முன் மே வெயிலில் கூண்டு காத்திருக்கும்.

ரயிலில் முதல் ஏசியில் மூன்றையும் கூட்டிப்போக முடியுமா? காரில் என்றால் எத்தனை நாள், எங்கே தங்குவது? வழியில் தூங்க மருந்து கொடுக்கலாமா?

தாம்பரம் லோக்கல்

நீங்கள் நாலு பேர் என்பது பெரிய சாதகம். முதல் ஏசியில் இரண்டு படுக்கை உள்ளது கூப்பே, நாலு படுக்கை உள்ளது கேபின். நாய் கூட வரவேண்டுமானால் அந்த அறை முழுக்க உங்கள் பயணிகளாகவே இருக்க வேண்டும். 2ஏசி, 3ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயை ஏற்ற முடியாது. ஆகவே நாலு டிக்கெட்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே மூன்றாம் வாரத்துக்கு மார்ச் மூன்றாம் வாரமே உட்கார வேண்டும். முதல் ஏசியில் இருப்பதே கொஞ்சம் படுக்கை, பள்ளி விடுமுறையில் சீக்கிரம் போய்விடும்.

டிக்கெட்டில் அறை எண் வராது என்பதுதான் தலைவலி. சார்ட் போடும்போதுதான் எந்த அறை என்று தெரியும். நாலு பேரும் ஒரே பிஎன்ஆர் என்றால் பெரும்பாலும் ஒரே கேபினில்தான் போடுவார்கள், ஆனால் கூப்பேயில் இருவர், வேறு கேபினில் இருவர் என்று பிரிந்துவிட்டால் நாயும் பூனையும் சேர்ந்து போகிற திட்டம் அங்கேயே கலைந்துவிடும். டிக்கெட் உறுதியானதும் சென்னை கோட்டத்தின் வணிகப் பிரிவு அலுவலகத்துக்கு பிஎன்ஆர் எண், பயண தேதி, நாய் வருகிற விவரம் எழுதி, நாலு படுக்கை கேபின் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன் நேரில் போய் நினைவூட்டுங்கள். இது வேண்டுகோள்தான், உரிமை இல்லை.

உங்கள் டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்கும்போதே நாயையும் பூனையையும் பதிவு செய்ய முடியாது. கிளம்புகிற அன்று சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிய வேண்டும். ரயிலுக்கு 3 மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். டிக்கெட் நகல், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்த சான்று, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். பூனைகளைக் கூண்டோடு காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். அந்த ரசீதைத்தான் டிடிஇ கேட்பார். பதியாமல் ஏற்றிப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணிக்குக் கிளம்பி, மறுநாள் முழுக்க ஓடி, மூன்றாம் நாள் காலை புதுதில்லி போகும். ஏறத்தாழ 33 மணி நேரம். ஜிடி எக்ஸ்பிரஸிலும் முதல் ஏசி உண்டு, நிறுத்தம் அதிகம், சற்று மெதுவு.

'அறை கிடைக்காவிட்டால் பிரேக் வேனில் நாய்ப்பெட்டி இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது கார்டு பெட்டியோடு இருக்கும் தகரக் கூண்டு. ஏசி கிடையாது. 32 கிலோ லாப்ரடார் உள்ளே திரும்பிப் படுக்கவே இடம் போதாது. தண்ணீர் வைக்க நிறுத்தத்துக்கு நிறுத்தம் நீங்களே பிளாட்பாரத்தில் ஓட வேண்டும். மே மதியம் பல்லார்ஷாவும் நாக்பூரும் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழகிய நாய் ரயிலுக்குள் ஒன்றுக்குப் போகாது, அடக்கிக்கொண்டே இருக்கும். இன்றிலிருந்தே பிளாஸ்டிக் புல்விரிப்புத் துண்டு ஒன்றில் ஒரே வார்த்தை சொல்லிப் போகப் பழக்குங்கள். மூன்று வாரம் பிடிக்கும். அதே துண்டை விஜயவாடா, நாக்பூர், போபாலில் பிளாட்பாரத்தின் கடைசி முனையில் விரிக்கலாம். வண்டி நிற்பது சில நிமிடம்தான் என்பதால் பெரியவர் ஒருவர் நாயோடு இறங்க, இன்னொருவர் கதவருகிலேயே நிற்க வேண்டும்.

நெடுஞ்சாலை 44

ரயில் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சார்ட் போட்ட பிறகு சாயங்காலம் நாயோடு நடுத்தெருவில் நிற்கக்கூடாது. வண்டி கையில் இருக்கும்போது என் வாக்கு காருக்கே.

மொத்தம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இரண்டு டிரைவர் மாறி மாறி மூன்று நாளில் முடிப்பார்கள். பிள்ளைகளும் பூனைகளும் இருந்தால் ஐந்து நாள் வையுங்கள். நாளுக்கு 450 கிலோமீட்டர் என்று பிரித்தால் இரவு தங்கல் விஜயவாடா, நிர்மல், சிவனி, ஜான்சி என்று விழும். ஹைதராபாத் ஊருக்குள் போகாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றி காமாரெட்டி பக்கம் ஏறிவிடுங்கள். கடைசி நாள் ஆக்ராவில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் கிரேட்டர் நொய்டா பக்கம் கொண்டுபோய் விடும். குருகிராமுக்கு மதுரா, பல்வல் வழியாக வந்து சோஹ்னா பக்கம் திரும்புவதுதான் நேர்.

காலை 4 மணிக்கு வண்டி நகர வேண்டும், மதியம் 1 மணிக்குள் அறைக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு ஓட்டினால் உள்ளே ஏசி சமாளித்தாலும் நாயை இறக்க முடியாது. தாரில் புறங்கையை வைத்து 7 விநாடி எண்ணுங்கள், வைக்க முடியவில்லை என்றால் பாதமும் தாங்காது. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காட்டுப் பகுதி. வனவிலங்குகள் கடப்பதற்காகவே சாலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நீளத்தில் எதற்கும் நாயை இறக்க வேண்டாம்.

வண்டிக்குள் அடுக்குவது: மூன்றாவது வரிசையை மடக்கி, நாய்க்கு வழுக்காத விரிப்பு. உடம்புப் பட்டையில் சீட் பெல்ட் கொக்கியை மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்தை இழுக்கும். பூனைக் கூண்டுகளை இரண்டாவது வரிசையில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், அல்லது முன்சீட்டுக்குப் பின்னால் தரையில். சூட்கேஸ் மேல் வைத்தால் முதல் வேகத்தடையிலேயே கவிழும். பிள்ளைகளுக்கு ஒரே வரிசையில் இடம் நெருக்கடி ஆகும். 7 வயதுக்காரருக்கு பூஸ்டர் சீட் இருந்தால் அதையும் வைத்து முன்கூட்டியே ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

200, 300 ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நாய் படுக்கும் இடத்திலேயே தொங்கவிடுங்கள். முன்சீட்டில் 22 டிகிரி குளிரும்போது பின்கண்ணாடி வெயில் வாங்கும் பக்கம் 32 காட்டும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பின்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு ஒட்டி, 26-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாபாவில் எல்லாரும் இறங்கிச் சாப்பிடுவது கிடையாது. ஒருவர் ஏசியோடு வண்டியிலேயே இருக்க வேண்டும். வெயிலில் எஞ்சினை அணைத்து நிறுத்திய காரில் 10 நிமிடத்தில் 10 டிகிரி ஏறிவிடும்.

தண்ணீர்: 32 கிலோ நாய் சாதாரண நாளிலேயே ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும், பயணத்தில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். தயிர் சாதம் கட்டிப்போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பத்து மணிக்கே புளித்துவிடும்.

நாலுகால் மருத்துவம்

தூக்க மருந்துக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பழைய வழக்கப்படி சிலர் அசிப்ரோமசின் எழுதுவார்கள். அது உடம்பைச் சாய்க்கும், பயத்தைக் குறைக்காது. ரத்த அழுத்தத்தையும் உடம்பு தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். மே மாதப் பயணத்துக்கு அது வேண்டாம். நாய்க்குக் கார் பழக்கம் இருந்தால் எந்த மருந்தும் தேவையில்லை.

பூனைகளுக்குப் பெரும்பாலும் கேபபென்டின்தான் எழுதுவோம். வழக்கமான அளவு ஒரு பூனைக்கு 50 முதல் 100 மில்லிகிராம், கிளம்புவதற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன். சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு அளவு குறையும், ஆகவே உங்கள் டாக்டர் எடையும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்து, எத்தனை மணி நேரம் தள்ளாடுகிறது என்று பாருங்கள். மனிதருக்கான கேபபென்டின் திரவ மருந்து சிலவற்றில் சைலிட்டால் இனிப்பு இருக்கும். நாய்க்கு அது விஷம். காப்ஸ்யூலாகவே வாங்குங்கள். ஆண் பூனையின் வாந்திக்கு மாரோபிட்டன்ட் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

மூன்றுக்கும் கடைசிப் பெரிய சாப்பாடு கிளம்புவதற்கு 5 மணி நேரம் முன். வழியில் நாய்க்குச் சின்னக் கவளங்கள், அன்றைய சாப்பாட்டின் பெரும்பகுதி அறைக்குப் போன பிறகு.

வெப்பத் தாக்கு எப்படித் தெரியும்? மூச்சிரைப்பு நிற்காது, எச்சில் கெட்டியாக நூல் போலத் தொங்கும், ஈறு செங்கல் நிறத்தில் சிவக்கும், பின்னங்கால் தடுமாறும். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு, 104-ஐத் தாண்டினால் அவசரம். உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஏசிக் காற்று படும்படி வையுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி விடாதீர்கள், சில நிமிடத்தில் அந்தத் துண்டே சூடாகி வெப்பத்தை அடைத்துவிடும். 103.5-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரைத் தேடுங்கள்.

தாபா ஓரத்தில் தெருநாய்களும் உண்ணியும் தவிர்க்க முடியாதவை. உண்ணிக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் கொடுத்துவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் கடைசி நாளில் போடாமல் இப்போதே போடுங்கள்.

அடையாறு வாசி

எல்லாருக்கும் நன்றி. கார் என்று முடிவு செய்கிறோம், ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்துக் கடைசியில் ரத்து செய்வோம். பூனை விஷயத்தில்தான் இன்னும் பயம். ஐந்து நாள் கூண்டுக்குள்ளேயே வைப்பதா? லாரி வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். அங்கே வாடகை வீட்டுக்காரர் 'பெட்ஸ் ஓகே' என்று போனில் சொல்லியிருக்கிறார்.

பூனைத்தாங்கி

கூண்டு இப்போதே வெளியே வரட்டும். கதவைக் கழற்றி, அதற்குள் பழைய போர்வை போட்டு, சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். இரண்டு வாரத்தில் தானாகப் போய்த் தூங்கும். அதற்குப் பிறகு கதவு, அதற்குப் பிறகு தெருமுனை வரை கார். கெட்டி பிளாஸ்டிக், மேல்பக்கமும் திறக்கிற வகை வாங்குங்கள். பயந்த பூனையை முன்கதவு வழியாக இழுப்பது இரண்டு பேருக்கும் காயம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, எவ்வளவு நெருக்கமான ஜோடியானாலும் சரி. மேலே பருத்தித் துணி போர்த்தினால் கத்துவது பாதியாகக் குறையும்.

வண்டி ஓடும்போது, பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மண் தட்டு வேண்டியதில்லை, பயன்படுத்தாது. அறைக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்தி, உள்ளே திறந்து விடுங்கள். பிரியாணிக் கடையில் பார்சலுக்குத் தரும் பெரிய அலுமினிய ட்ரே பத்து வாங்கினால் தினம் ஒன்றைத் தூக்கிப் போடலாம். வீட்டில் போடும் அதே மண், அதில் ஒரு கைப்பிடி ஏற்கெனவே பயன்படுத்தியது. கட்டிலுக்கு அடியில் பெட்டி வடிவ அடைப்பு இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். காலை 3 மணிக்கு அதற்குள்ளிருந்து பூனையை எடுக்க முடியாது. காருக்கு வெளியே கூண்டைத் திறக்கவே கூடாது. காருக்குள்ளும் எல்லாக் கண்ணாடியும் ஏறிய பிறகுதான்.

முதல் நாள் இரண்டும் சாப்பிடாது, அது பரவாயில்லை. ஆனால் ஆண் பூனை 24 மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது தட்டில் உட்கார்ந்து முக்குகிறது என்றால் அடைப்பாக இருக்கலாம், அன்றே டாக்டர். இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் அப்படியே, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். ஒன்றுக்கும் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

சாமான் கட்டுகிற நாள்தான் பூனை காணாமல் போகிற நாள். லாரி ஆட்கள் வருவதற்கு முன்பே இரண்டையும் குளியலறையில் போட்டு, கதவில் 'திறக்காதீர்கள், பூனை' என்று இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். ஏற்றும் ஆட்களில் பாதிப்பேர் தமிழ் படிக்க மாட்டார்கள். அந்த அறைச் சாமானைக் கடைசியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கான உணவு, மண், கிண்ணம், துவைக்காத போர்வை, மருந்து எல்லாம் காரில்தான் வர வேண்டும்.

'பெட்ஸ் ஓகே' போனில் போதாது. ஒப்பந்தத்தில் ஒரு நாய், இரண்டு பூனை என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வீட்டுக்காரர் மறுத்தால் அது உதவாது. போனதும் மாநகராட்சியில் நாய்ப் பதிவு, அதற்கும் ரேபிஸ் அட்டை கேட்பார்கள்.

புது வீட்டில் பூனைகளுக்கு முதலில் ஒரே அறை. ஜன்னலில் வலை அடித்த பிறகுதான் கூண்டுக் கதவு.

நெடுஞ்சாலை 44

ஒன்று விட்டுப்போயிற்று. காரில் போனாலும் டாக்டர் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், கிளம்புகிற முந்தின நாள் தேதியில். தங்கும் இடத்தில் கேட்டால் தடுப்பூசி அட்டையோடு காட்டலாம். நிர்மலிலும் சிவனியிலும் ஹோட்டல் தேர்வு குறைவு, நாயை ஏற்கும் இடம் இன்னும் குறைவு. இணையதளத்தில் இருப்பதை நம்பாமல் நேரே போன் செய்து, '32 கிலோ லாப்ரடார், தரைத்தள அறை' என்று சொல்லியே பேசுங்கள். 'சின்ன நாய்' என்று சொல்லிவிட்டு வாசலில் இதைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ராத்திரி காரில்தான்.