கடல் தெரியாட்டிப் பரவால்ல, படி இருக்கக் கூடாது

குழு: கணபதி வீடு 🏠

ஏப்ரல் 12, ஞாயிறு

கார்த்தி: எல்லாரும் இருக்கீங்களா? செப்டம்பர்ல அப்பா அம்மா ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வர்றப்ப கிரீஸ் தீவு ஒண்ணுக்குப் போலாம்னு பேசினமே, இன்னிக்கு முடிவு பண்ணிரலாம். இப்பவே ரூம் போட்டாத்தான் விலை கட்டுப்படியாகும்.

கவிதா: சாண்டோரினியா? 😍

கார்த்தி: இல்ல. நாக்சஸ்.

கவிதா: அண்ணா 😐 நீலக் குவிமாடம் இல்லாத கிரீஸ் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சா எவ நம்புவா?

ஈரோடு மாமா: கிரீஸ்னா நம்ம பேரிங்குக்குப் போடறது தானுங்களே மாப்ள 😂

நித்யா: சாண்டோரினில நாங்க பட்ட கதைய உங்கண்ணன் சொல்லிருக்க மாட்டாரு கவி. நான் சொல்றேன். அங்க ஈயாங்கற ஊருல ரூம் விலையப் பாத்துட்டு ஆடிப்போயி, ஃபிராங்கற ஊருல மலிவா ஒண்ணு பிடிச்சாரு. போட்டோவுல பால்கனி, கடல், ரெண்டு நாற்காலி. போயி எறங்குனா ரோட்டுல இருந்து ரூமுக்கு 84 படி, கீழ. பெட்டிய நான் தூக்கினேன், முகில அவரு தூக்கினாரு. அப்புறம் பால் பாக்கெட் வாங்கக்கூட 84 ஏறி 84 எறங்கணும்.

கார்த்தி: கடல் தெரியும்னு எழுதியிருந்தான். படின்னு ஒரு வார்த்தை எழுதல.

நித்யா: ரெண்டாம் நாள்லருந்து கடல யாரு பாத்தா? காலப் புடிச்சுட்டு உக்காந்திருந்தோம்.

அம்மா: 🎤 குரல் பதிவு (2:14)

கவிதா: பாப்பா தூங்குறா, சத்தமா வெச்சுக் கேக்க முடியாது. யாராச்சும் சுருக்கிச் சொல்லுங்க.

நித்யா: அத்தைக்கு முட்டி வலி போன மாசத்தவிட ஜாஸ்தி, மொட்டை மாடிக்கே போறதில்லையாம். செப்டம்பர் கடைசின்னா புரட்டாசி வந்துரும், கவுச்சி ஆகாது. சனிக்கிழமை சாமி கும்பிடாம எங்கியும் நகர மாட்டாங்களாம். மீதி ஒண்ணரை நிமிஷம் பக்கத்து வீட்டு மாமரம்.

அம்மா: மாமரம் முக்கியம். நம்ம செவுத்துல வேர் எறங்குது

கார்த்தி: அதுக்குத்தான்மா நாக்சஸ். சாண்டோரினில ஊரே எரிமலை வாய் விளிம்புல தொங்குது, அதனாலதான் அத்தன படி. நாக்சஸ்ல துறைமுகத்துல இருந்து ஆகியோஸ் யோர்கியோஸ் கடற்கரைக்குப் பொடிநடையா கால் மணி நேரம், சமதரை. ரூம் எல்லாம் கடற்கரைக்குப் பின்னாடித் தெருவுல. தண்ணி ரொம்ப தூரம் வரைக்கும் ஆழமில்ல, தாராவும் முகிலும் கலங்காம ஆடலாம்.

பிரபு: மச்சான், சாண்டோரினிலயும் கமாரி, பெரிஸ்ஸா பக்கம் சமதரைதானே? விலையும் ஈயா அளவுக்கு இல்லியே.

கார்த்தி: கரெக்டுதான் மாப்ள, அதையும் பாத்தேன். ஆனா எரிமலைப் பக்கம் பாக்கணும்னா தெனமும் பஸ் ஏறி, அந்தக் கூட்டத்துல அப்பா அம்மாவ நிக்க வெக்கணும். சொகுசுக் கப்பல்ல வர்ற சனம் ஒரே நேரத்துல ஃபிராவுல கொட்டும். நாக்சஸ்ல விவசாயமும் இருக்கு, டூரிஸ்ட நம்பி மட்டும் ஊரு நடக்கல. அங்க வெளையற உருளைக்கிழங்குக்குக் கிரீஸ் முழுக்கப் பேரு.

அம்மா: உருளைக்கிழங்கா 👍

அப்பா: ஒரு நாளைக்கு எவ்வளவு

கார்த்தி: ஒரு ஸ்டுடியோ 75 யூரோ அப்பா. ஸ்டுடியோன்னா ரூமுக்குள்ளயே சின்னச் சமையல் மேடை, ரெண்டு அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் இருக்கும். நமக்கு மூணு வேணும். நாலு ராத்திரி. மொத்தம் 900.

அப்பா: 900 யூரோ என்றால் தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல். கப்பல் விமானம் தனி. ராமேஸ்வரத்தில் இல்லாத கடலா

ஈரோடு மாமா: மச்சான் சொல்றது நாயந்தானுங்க

கவிதா: மாமா நீங்க பத்த வெக்காதீங்க 🙏

அப்பா: எனக்கு வேண்டாம். உங்க அம்மாவைக் கூட்டிப் போங்க. நான் முகில் வீட்டில் இருந்து கொள்கிறேன்

கவிதா: முகிலும்தான் வர்றானே அப்பா. பூட்டின வீட்டுல என்ன பண்ணுவீங்க?

அப்பா: செடிக்குத் தண்ணி விடுவேன்

---

ஏப்ரல் 13, திங்கள்

பிரபு: ரூமுக்கு முன்னாடி விசா பேசிரலாம். மாமா அத்தை ரொம்ப நாள் தங்கறது ஜெர்மனியில. அதனால ஜெர்மனி விசாதான் போடணும், கிரீஸ்க்குத் தனியா வேண்டாம். ஷெங்கன் விசா ஒண்ணே ரெண்டுக்கும் செல்லும். ஆளுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். ஆறு மாசத்துக்கு முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அதனால இப்பவே ஆரம்பிச்சா வெசனமில்ல.

கவிதா: விசா கையில வர்ற வரைக்கும் பணம் திரும்ப வர்ற மாதிரி ரூம் மட்டும் போடுங்கண்ணா. பத்து யூரோ கம்மின்னு திருப்பித் தராத ரேட்ட அமுக்கிராதீங்க.

கார்த்தி: அந்த ஆசை வந்துச்சு, ஒத்துக்கறேன்.

நித்யா: வரும். தெரியும்.

கார்த்தி: தேதி இப்படி வெச்சிருக்கேன். 19 சனி காலையில அம்மா சாமி கும்பிட்டு முடிச்சதும் சாயங்கால ப்ளைட். ஏதென்ஸ் ஏர்போர்ட்ல இருந்து பிரேயஸ் துறைமுகம் வரைக்கும் ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்ல. ராத்திரி துறைமுகம் பக்கத்துல தூங்கிட்டு ஞாயிறு காலையில ஏழரை மணி வாக்குல கப்பல். நாக்சஸ்ல நாலு ராத்திரி. 24 வியாழன் திரும்பி ஏதென்ஸ், 25 வெள்ளி ப்ளைட். அடுத்த சனிக்கு அம்மா வீட்டு பூஜை ரூம்ல.

கவிதா: 25 காலையில கப்பல், ராத்திரி ப்ளைட்னா தீவுல ஒரு ராத்திரி கூடக் கிடைக்குமே?

கார்த்தி: வேண்டாம். காத்து பலமா அடிச்சா துறைமுகத்துலயே கப்பல நிறுத்திருவாங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வடக்கத்திக் காத்து ரொம்ப மோசம், மெல்டெமிம்பாங்க. செப்டம்பர்ல தணியும், ஆனா முழுசா நம்ப முடியாது. ப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸ்ல இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அம்மா: கப்பல்ல எனக்கு வாந்தி வருமா

கார்த்தி: பெரிய கப்பல்லதான்மா போறோம், காரு லாரி எல்லாம் ஏறும். அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா அலுங்காது. வேகக் கப்பல் மூணரை, நாலு மணி நேரத்துல போயிரும், விலையும் ஜாஸ்தி, குலுக்கலும் ஜாஸ்தி. பெட்டிய மேல தூக்க வேண்டாம். கீழ வண்டி நிறுத்தற தளத்துலயே தீவு பேரு எழுதின தட்டு இருக்கும், நாக்சஸ் தட்டுல வெச்சுட்டு மேல போயி உக்காந்துக்கலாம். எறங்கறப்பதான் உஷாரா இருக்கணும். முந்தின தீவு பாரோஸ், அதத் தாண்டுனதுமே கீழ போயி நின்னுரணும், கப்பல் ரொம்ப நேரம் நிக்காது.

ஈரோடு மாமா: நம்ம ஈரோடு ஜங்ஷன் மாதிரியே

கவிதா: அண்ணா, ரூம் விலையோட வரி சேர்ந்திருக்கா? போன தடவ ரோட்ஸ் தீவுல எங்ககிட்ட கவுன்டர்ல தனியா வாங்கினாங்க.

கார்த்தி: அது தனி. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு அங்கியே கட்டணும். மூணு ஸ்டார்னா 5 யூரோ, நாலு ஸ்டார்னா 10, அஞ்சு ஸ்டார்னா 15. தனி அபார்ட்மென்ட் எடுத்தா 8. நம்ம மூணு ரூம், நாலு ராத்திரி, 60 யூரோ.

கவிதா: நாலு ஸ்டார்னா 120. அந்த 60-க்கு ரெண்டு வேள சாப்பாடு ஆச்சு. மூணு ஸ்டாரே போதும்.

அம்மா: 🎤 குரல் பதிவு (1:02)

நித்யா: அத்தை கேக்கறாங்க, பாத்ரூம்ல தண்ணி பைப் இருக்குமா, சொம்பு கொண்டு வரவான்னு.

கார்த்தி: கொண்டு வாங்கம்மா. இன்னொண்ணு, அங்க குழாய் ரொம்பக் குறுகல். பேப்பரு யூஸ் பண்ணா உள்ள போடக்கூடாது, பக்கத்துல குப்பைத் தொட்டி இருக்கும், அதுல போடணும்.

அம்மா: நம்மளுக்கு எதுக்கு பேப்பரு. சொம்பு போதும். ரைஸ் குக்கர் எடுத்துக்கறேன். பருப்புப் பொடி நார்த்தங்கா ஊறுகா நெய்யும்

நித்யா: அத்தை, நெய் மட்டும் வேண்டாம். பால் சாமான் எதையும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க, ஏர்போர்ட்ல எடுத்துப் போட்டுருவாங்க. இங்க வெண்ணெய் வாங்கி நானே காய்ச்சி வெக்கறேன்.

அம்மா: முருங்கக்கீரை போட்டுக் காய்ச்சு

கவிதா: வெளிய சாப்பிட அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

கார்த்தி: நிறைய. அவங்க சர்ச்லயும் நம்ம புரட்டாசி மாதிரி விரதம் உண்டு. ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு மாசத்துக்கு மேல கறி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டாங்க. அந்தச் சாப்பாட்டுக்கு "நிஸ்திசிமோ"ன்னு பேரு, அந்த ஒரு வார்த்தை சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க. தக்காளி, குடமிளகாய்க்குள்ள அரிசி வெச்சு வேக வெச்சது, பெரிய பெரிய மொச்சை மாதிரி ஒரு பயிறு தக்காளிச் சாறுல, திராட்சை இலையில சோறு சுத்துனது. கூட்டாளி மாதிரி ஒண்ணு கேட்டுக்கணும்: மீன் உண்டா, கறிச் சாறு ஊத்தினதான்னு. சில இடத்துல அரிசியோட கொத்துக்கறியும் கலந்துருவாங்க.

அம்மா: இலையில சோறா. சரி வர்றேன்

நித்யா: "கூட்டாளி மாதிரி கேட்டுக்கணும்" 😂 என்ன தமிழ்ங்க இது?

கார்த்தி: சிரிச்ச மொகமான்னு அர்த்தம் 😑

அப்பா: ✓✓

கவிதா: அப்பா படிச்சுட்டாரு. பதில் இல்ல.

---

ஏப்ரல் 14, செவ்வாய்

அம்மா: 📷 (கனித் தட்டு: மாம்பழம், பலா, கண்ணாடி, வெத்தலை பாக்கு) எல்லாருக்கும் சித்திர 1 வாழ்த்து. நல்லா இருங்க சாமிகளா

நித்யா: உங்களுக்கும் அத்தை 🙏

கார்த்தி: ரூம்காரம்மா பதில் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு ஈஸ்டர், அதனால ரெண்டு நாளா சத்தமில்ல. நான் எழுதிக் கேட்டது: ரோட்டுல இருந்து கட்டிலு வரைக்கும் எத்தன படி? லிஃப்ட் இருக்கா? குளிக்கற எடம் தொட்டியா, சமதரையா? துறைமுகத்துக்கு வண்டி அனுப்புவீங்களா?

கவிதா: "கட்டிலு வரைக்கும்" 👏

கார்த்தி: 84 படி கத்துக் குடுத்தது. பதில்: ரெண்டு மாடிதான், லிஃப்ட் கிடையாது. ஆனா தரைத் தளத்துல ஒரு ஸ்டுடியோ அப்பா அம்மாவுக்குத் தர்றாங்க, வாசல்ல மூணே படி. நமக்கு மொத மாடி. குளியலறை போட்டோவும் அனுப்பிச்சாங்க.

கார்த்தி: 📷

நித்யா: தரையோட தரையா இருக்கு, தாண்டி ஏற வேண்டியதில்ல. ஆனா திரைச்சீலை மட்டும்தான். தண்ணி வெளிய வரும், மாத்து மிதியடி ஒண்ணு வெச்சுக்கணும்.

கார்த்தி: துறைமுகத்துக்கு அவங்க பையனே வண்டியில வந்து கூட்டிட்டுப் போவானாம், காசு இல்ல. நேரடியா அவங்ககிட்டயே புக் பண்ணா 900-க்கு 840. செப்டம்பர் 5 வரைக்கும் வேண்டாம்னா முன்பணம் திருப்பித் தர்றாங்க.

பிரபு: அத மெயில்ல எழுதி வாங்கிக்க மச்சான். வாய் வார்த்தை வேண்டாம்.

கவிதா: கடல் தெரியுமா?

கார்த்தி: தெரியாது. பின்னாடித் தெரு. எலுமிச்ச மரம் தெரியும்.

கவிதா: போகட்டும். ஸ்டேட்டஸுக்கு அந்தப் பளிங்கு வாசல் போதும், துறைமுகத்துக்குப் பக்கத்துலயே இருக்குல்ல. பாத்தேன். அப்போலோங்கற கிரேக்கச் சாமிக்குக் கோயில் கட்ட ஆரம்பிச்சு, வாசல் நெலையோட நின்னு போச்சாம், 2,500 வருஷமா.

ஈரோடு மாமா: நம்ம வீட்டு மாடி மாதிரி. நானும் 2009ல நெல வெச்சேன்

கார்த்தி: அப்பா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இரும்பத் தேய்க்கற எமரி பேப்பர் இருக்கில்லீங்களா, அந்த எமரிக் கல்லு வெட்டின தீவு இதுதான். பழைய காலத்துலருந்தே நாக்சஸ் எமரிக்குப் பேரு. அபிராந்தோஸ்னு மலையூரு, அந்தப் பக்கம் சுரங்கம். வெட்டின கல்ல மலையில இருந்து முட்சூனா துறைமுகத்துக்குக் கம்பி மேல தொட்டி கட்டி எறக்கியிருக்காங்க. இப்ப ஓடறதில்ல, ஆனா கம்பம் எல்லாம் நிக்குது.

அப்பா: ரோப்வேயா

கார்த்தி: ஆமாங்கப்பா. 1920கள்ல போட்டது.

அப்பா: எமரி என்பது குருந்தக் கல்லும் காந்தம் பிடிக்கிற இரும்புத் தாதும் கலந்தது. செயற்கைச் சக்கரம் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்து விட்டது. நான் லேத் பட்டறையில் சேர்ந்தபோது சாணை பிடிக்க மேஸ்திரி எமரித் தூளைத்தான் எண்ணெயில் குழைப்பார். விரல் ரேகையெல்லாம் தேய்ந்து போகும்

கவிதா: அப்பா இவ்வளவு நீளமா டைப் பண்ணி நான் பாத்ததே இல்ல 😳

அப்பா: குருந்தம் நம்ம சொல். இங்கிலீஷ்காரன் கொரண்டம் என்று எடுத்துக் கொண்டான்

ஈரோடு மாமா: ஆமாங்க மச்சான், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில கெடைக்குதே. நெலாவுல எறக்கற வண்டிய ஓட்டிப் பாக்க மண்ணு எடுத்துட்டுப் போனதும் அங்கிருந்துதானுங்க

அப்பா: தெரியும்

---

ஏப்ரல் 15, புதன்

அப்பா (காலை 5:06): 📷 (பாஸ்போர்ட் முதல் பக்கம்) 📷 (பாஸ்போர்ட் கடைசிப் பக்கம்)

அப்பா: அந்த மலையூருக்கு பஸ் உண்டா

கார்த்தி: உண்டுங்கப்பா, துறைமுகத்துல இருந்தே பஸ் போகுது. செப்டம்பர் நேர அட்டவணை இன்னும் போடல. இல்லாட்டி ஒரு நாளைக்குக் காரு எடுத்துக்கலாம்.

அம்மா: இவரு ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன்ல ரோப்வே பாத்துட்டு இருந்தாரு

நித்யா: அப்ப ராமேஸ்வரம் மாமா? 😄

அப்பா: அந்த மூன்று படிக்குக் கைப்பிடி இருக்கா என்று அந்த அம்மாவிடம் கேள். உங்க அம்மாவுக்கு இடது பக்கம் வேண்டும்