கேஜ் காட்டும் எண்ணை மட்டும் நம்பி கேஸ் ஏற்றலாமா?

செப்புக்குழாய்:
சென்ற வாரம் ஒரு வீட்டில் கண்டதை முன்வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். அது ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. எனக்கு முன் வந்தவர் சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரசருக்கு ஆவி திரும்பும் குழாயில்) அழுத்தமானியான கேஜ் 45 பிஎஸ்ஐ காட்டுவதைப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி, ஏற்றுவதற்கு விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். ஆர்-22க்கு 45 பிஎஸ்ஐ என்றால் பிடி சார்ட்டில் (எந்த அழுத்தத்தில் கேஸ் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்ற அட்டவணை) ஏறத்தாழ மைனஸ் 5.5 டிகிரி செல்சியஸ். காயிலுக்குள் (அறையைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) திரவம் அந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பொருள். சர்வீஸ் வால்வுக்கு அருகே பெரிய குழாயில் கிளாம்ப் தெர்மாமீட்டரை மாட்டி, வெளிக்காற்று படாமல் இன்சுலேஷனைச் சுற்றிப் பார்த்தபோது மைனஸ் 3 காட்டியது. ஆக, கொதிநிலைக்கு மேல் ஆவி சூடேறிய அளவான சூப்பர் ஹீட் இரண்டரை டிகிரி மட்டுமே. கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், காயிலின் பாதித் தூரத்திலேயே திரவம் ஆவியாகித் தீர்ந்து, எஞ்சிய தூரத்தில் ஆவி சூடேறி, குழாய் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கும். இங்கே குறைந்தது கேஸ் அன்று, காற்று. இண்டோர் யூனிட்டின் காற்றைத் தள்ளும் புளோயர் இதழ்களுக்கிடையே தூசி களிமண்ணைப் போல அப்பிக்கிடந்தது. கழுவி மாட்டிய பிறகு கேஜ் 68க்கு ஏறியது, குழாய் 12 டிகிரி காட்டியது. ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை.

பழைய மெக்கானிக்:
தம்பி, நீங்கள் செய்த வேலை சரிதான். ஆனால் அதற்குச் சார்ட் தேவைப்படவில்லை என்பதே என் கருத்து. ஃபில்டரையும் புளோயரையும் சுத்தம் செய்யாமல் கேஜையே கையில் எடுக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். 28 ஆண்டுகளாக ஆர்-22க்கு 65 முதல் 70, ஆர்-410ஏக்கு 120க்குப் பக்கம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறேன். சப் கூலிங், அதாவது திரவம் கொதிநிலைக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள் என வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நம் வீட்டு ஸ்பிளிட்டில் அதை எங்கே பார்ப்பது? பெரும்பாலானவற்றில் சர்வீஸ் போர்ட் சக்‌ஷன் பக்கம் ஒன்றுதான். அழுத்தத்தைக் குறைக்கும் நுண்குழாயான கேபிலரி அவுட்டோர் யூனிட்டிலேயே இருப்பதால், உள்ளே போகும் மெல்லிய குழாயில் ஏற்கெனவே அழுத்தம் குறைந்த திரவ-ஆவிக் கலவைதான் ஓடுகிறது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் முள்ளும் நிலைத்து நிற்பதில்லை. அங்கே கேஸை அளந்து ஏற்ற எடை மெஷின் ஒன்றே போதும்.

செப்புக்குழாய்:
அண்ணா, சப் கூலிங் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் 68ம் 120ம் வேறு எங்கிருந்தும் வரவில்லை. இரண்டுமே ஏறத்தாழ 4.4 டிகிரிக்கு அந்தந்தக் கேஸ் காட்டும் அழுத்தம். ஆர்-32 ஏசியில் அதே 68ஐக் கண்டால், காயில் மைனஸ் 10க்கும் கீழே போய்விட்டது என்று பொருள். மேலும், மதியம் 38 டிகிரி வெயிலில், வெகுநேரம் அணைத்துவைத்திருந்த அறையில் அப்போதுதான் போட்ட கேபிலரி ஏசி 68க்கு மேல் காட்டுவது இயல்பு. அந்த நேரத்தில் எண்ணைப் பிடித்துக்கொண்டு கேஸை வெளியே விடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரவில் அறை குளிர்ந்ததும் அதே ஏசியில் பனி பிடிக்கிறது. எண் மாறும், எண்ணுக்கும் குழாயின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளிதான் காயிலின் நிலையைச் சொல்லும்.

குளிர்கிடங்கு:
நான் வீட்டு ஏசி பார்ப்பதில்லை, ஆனால் சார்ட் இல்லாமல் சிலிண்டரைக்கூடத் திறப்பதில்லை. சிலிண்டரை ஓர் இரவு முழுவதும் நிழலில் வைத்துவிட்டுக் காலையில் கேஜ் மாட்டுவேன். உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதானே தவிர அளவு அன்று. 30 டிகிரியில் ஆர்-134ஏ 97 பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும். ஒரு முறை 118 காட்டியது. காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழைய மெக்கானிக்:
ஐயா, அந்தச் சோதனையில் தோற்ற சிலிண்டரை ஒதுக்குவது நியாயம், ஆனால் தேறிய சிலிண்டரை நம்பிவிடாதீர்கள். 2011இல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற போலிக் கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உள்ளே உண்டாக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட போலிகளை அசலின் அழுத்தத்துக்கு ஒத்துப்போகும்படி கலக்க முடியும். அப்போது உங்கள் சார்ட்டும் கேஜும் சரி என்றே சொல்லும். ஆர்-134ஏயில் குளோரின் கிடையாது என்பதால், குளோரினைக் காட்டிக்கொடுக்கும் ஹேலைடு டார்ச்சின் சுடர் பச்சையாக மாறினால்தான் குட்டு வெளிப்படும்.

குளிர்கிடங்கு:
இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. திருப்பிக் கொடுத்த சிலிண்டரைப் பற்றி மட்டுமே யோசித்தேன், சோதனையில் தேறியவற்றைப் பற்றி யோசிக்கவில்லை. நாளையே டார்ச் வாங்குகிறேன்.

செப்புக்குழாய்:
அண்ணா, இன்வெர்ட்டருக்கு எடைதான் முதல் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஒரு கிலோவுக்கும் குறைவான ஆர்-32 இருக்கும் ஏசியில் ஹோஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினால், கசிவதே கணக்கை மாற்றிவிடும். ஆனால் வேக்யூம் போட்டு (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள எடையைத் துல்லியமாக ஏற்றிய பிறகும் அறை குளிரவில்லை என்றால் எடை மெஷினுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்த ஏசியைக் கட்டாயக் குளிரூட்டும் முறையில் போட்டு, வேகம் நிலைத்து ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, அழுத்தத்தையும் குழாயின் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். எடை சரியாக இருந்தும் அழுத்தம் தாழ்ந்து சூப்பர் ஹீட் மிக உயர்ந்திருந்தால், காயிலுக்குத் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு போதுமான அளவு திறக்கவில்லை, அல்லது வழியில் எங்கோ அடைப்பு.

பழைய மெக்கானிக்:
அப்படி ஒன்று இரண்டு மாதமாக என் கடையில் கிடக்கிறது. இரண்டு முறை கேஸை மாற்றிவிட்டேன், வால்வைத் தொடவில்லை. உங்கள் கிளாம்ப் தெர்மாமீட்டரோடு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, தம்பி?