மூன்றாம் மணியிலேயே ‘கழற்றிவிடு’ என்கிறார்: டயாலிசிஸ் நோயாளியிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளோடு பேசும் தொண்டூழியம் செய்கிறேன். செம்பனைத் தோட்டத்து அண்ணன் ஒருவர், வாரம் 3 முறை, 4 மணி நேரம். மூன்றாம் மணியில் அடம் பிடித்து எழுந்துவிடுகிறார். சில திங்கட்கிழமை வருவதே இல்லை. வீட்டிலும் திட்டு, இங்கேயும் திட்டு. என்ன சொன்னால் எடுபடும்?

பதில் 1 (டயாலிசிஸ் நர்ஸ்):
சொல்வதற்கு முன் கேளுங்கள், மூன்றாம் மணியில் என்ன ஆகிறது என்று. பெரும்பாலும் கெண்டைக்கால் இழுக்கும், இல்லை தலை சுற்றும். உலர் எடை, அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை, 60 கிலோ என்று வையுங்கள். 4 கிலோ நீர் ஏற்றிக்கொண்டு வந்தால் மெஷின் மணிக்கு 1 லிட்டர் இழுக்க வேண்டும். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 17 மில்லி. 13-ஐத் தாண்டினாலே உடம்புக்குச் சிரமம். 3 கிலோ என்றால் 12.5தான். 4 கிலோவோடு வந்து 3 மணி நேரத்தில் எழுந்தால் 1 லிட்டர் உள்ளேயே தங்கும், அடுத்த முறை இன்னும் வேகமாக இழுக்கணும், இன்னும் வலிக்கும். இந்தக் கணக்கை அவர் எடையை வைத்தே தாளில் போட்டுக் காட்டுங்கள். காலையில் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு வருகிறாரா, நாற்காலியில் உட்கார்ந்தே வயிறு முட்டச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். இரண்டுமே பிரஷரை இறக்கும். மாத்திரை நேரத்தை டாக்டர்தான் மாற்றணும்.

பதில் 2 (ஆலோசகர்):
கால் இழுக்கும்போது அறிவுரை சொல்லாதீர்கள். முதல் மணியில், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காதபடி பேசுங்கள். “முழு 4 மணி நேரம் இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0-லிருந்து 10-க்குள் சொல்லுங்கண்ணே” என்று கேளுங்கள். 3 என்றால் “ஏன் 10 இல்லை?” என்று கேட்காதீர்கள், சாக்குதான் வரும். “ஏன் 0 இல்லை?” என்று கேளுங்கள். பேத்தி, கோயில் திருவிழா என்று காரணத்தை அவரே சொல்வார். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இந்த வாரம் 15 நிமிடம் கூடுதலாக இருக்க முடியுமா என்று கேட்டால் போதும். “இனிமேல் எதுக்கு” என்ற பேச்சு வந்தால் மழுப்பாமல், சாகணும் போல் இருக்கா என்று நேராகவே கேட்டு, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதில் 3 (உணவு ஆலோசகர்):
சமைப்பவரோடும் பேசணும். ‘தண்ணீர் குடிக்காதே’ என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. கருவாடு, ஊறுகாய், கிச்சாப் (சோயா சாஸ்), மெகி மீ தூள் உள்ளே போனால் தாகம் விடாது. ஒரு நாளைக்குப் போகும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி, அவ்வளவுதான் குடிக்கும் கணக்கு. காலையிலேயே போத்தலில் ஊற்றி வைத்துவிடலாம். தே (தேநீர்), ரசம் குடித்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து கீழே ஊற்றிவிடணும். சோடியம் குறைத்த உப்பு வேண்டாம், பலவற்றில் இருப்பது பொட்டாசியம், அதுவும் உடம்பில் தேங்கும். இளநீரும் அப்படியே. நட்சத்திரப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நஞ்சு, ஒரு துண்டும் கூடாது.

கேட்டவர்:
நன்றி. திங்கள் வராததற்கு வேன் காசுதான் காரணமாம், இன்றுதான் சொன்னார்.

பதில் 1:
அப்படியென்றால் முதலில் வேனைப் பாருங்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் 2 நாள் இடைவெளி, பொட்டாசியமும் நீரும் அதிகம் ஏறுவது அப்போதுதான். திங்களை விட்டால் புதன் வரை இழுக்கும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்தானே? டயாலிசிஸ் செலவுக்கு விண்ணப்பித்தாரா என்று மைய அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பாரம் இறங்கினால் வேனுக்குக் காசு மிஞ்சும்.