இன்வெர்ஷனுக்குச் சொல் வேண்டும்: புரள்வா, பிறழ்வா, மறிவா?

மார்த்தாண்டத்திலிருந்து, திங்கள்

குழுமத்தாருக்கு வணக்கம். கணுக்கால், பாதப் பரிசோதனைப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் இயன்முறை மருத்துவ மாணவர்கள் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். இப்போதுள்ள படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வரியும் விளங்குவதில்லை.

பாதத்தை மேலே தூக்கும் டார்சிஃப்ளெக்ஷனை மேல்மடக்கம் என்றும் கீழே தாழ்த்தும் பிளான்டர்ஃப்ளெக்ஷனைக் கீழ்மடக்கம் என்றும் முடித்துவிட்டேன். இடறுவது இன்வெர்ஷனும் எவர்ஷனும்தான். உள்ளங்கால் மற்றக் காலைப் பார்க்கும்படி சாய்ந்தால் இன்வெர்ஷன். வெளிப்புறம் பார்த்தால் எவர்ஷன். முன்னது ஏறத்தாழ 35 பாகை, பின்னது 15. 'உள்திருப்பம்' என்று போட முடியவில்லை. இடுப்பிலும் தோளிலும் நடக்கும் ரொட்டேஷனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

சொல் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன வாரம் கண்ணால் பார்த்தேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மா. சரிவில் ஊன்றிய பாதம் உள்பக்கம் சாய்ந்துவிட்டது. வெளிக்கணுவுக்குச் சற்று முன்னே, கீழே, விரல்நுனி அமரும் ஒரு பள்ளம் உண்டு. அங்கே தொட்டதும் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். வலி வெளிப்புறம் இருந்ததால் மாணவி 'எவர்ஷன்' என்று எழுதிவிட்டாள். பாதம் சாய்ந்தது உள்ளே, நார் இழுபட்டது வெளியே. தமிழ்ச்சொல் இந்தக் குழப்பத்தைக் கூட்டாமல் இருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து, திங்கள் இரவு

மகளே, 'பிறழ்வு' என்ற சொல் இருக்கிறதே! கயல் பிறழும் என்று பழம்பாட்டுகளில் எத்தனை இடம். மீன் ஒருக்களித்து வயிறு காட்டும் அதே அசைவைத்தான் உள்ளங்காலும் செய்கிறது. பின்னங்கால் சதையை நாம் கெண்டைக்கால் என்கிறோம். அங்கே கெண்டை இருந்தால் கீழே பிறழ்வும் இருக்கட்டும். உட்பிறழ்வு, வெளிப்பிறழ்வு. புரள், பிறழ், உருள் மூன்றும் ஓரினம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனியே விரித்து எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய்

ஐயா, அழகான சொல்தான். ஆனால் மனப்பிறழ்வு, நடத்தைப்பிறழ்வு என்று இன்று அது கோளாறுக்கே உரிய சொல்லாகிவிட்டது. நல்ல காலிலும் இந்த அசைவு இருக்க வேண்டும், இல்லையென்றால்தான் நோய். 'உட்பிறழ்வு 35 பாகை' என்று எழுதினால் நோயாளி பயந்துவிடுவார். உட்புரள்வு, வெளிப்புரள்வு போதும். எந்த ஊரிலும் விளங்கும்.

குளச்சலிலிருந்து, செவ்வாய்

அக்கா, எங்கள் கரையில் யாரும் புரண்டது என்று சொல்வதில்லை. மணலில் வள்ளம் தள்ளும்போது இப்படி ஆனால் "காலு மறிஞ்சிட்டு" என்பார்கள். அந்த ரப்பர்வெட்டுக்கார அம்மாவும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? உள்மறிவு, வெளிமறிவு என்று வையுங்கள்.

இன்னொன்று. எந்தச் சொல் வைத்தாலும் எலும்பு முறிவுச் சந்தேகக் கட்டம் மேலே இருக்கட்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதியை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன்: நாலு அடி ஊன்றி வைக்க முடிகிறதா, கணுவெலும்பின் நுனியிலோ பின்விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரையிலோ அழுத்தினால் நோகிறதா. இதைக் கேட்காமல் பாதத்தைச் சாய்த்துப் பார்க்கக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் இரவு

மறிவு என்றதும் எங்களுக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். தவிர, அது மலையாள வழக்கு இல்லையா?

மார்த்தாண்டத்திலிருந்து, புதன்

தங்கச்சி சொன்னது சரி. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். "காலு உள்ள மறிஞ்சிட்டு மக்கா" என்றுதான் அந்த அம்மா சொன்னார். பாதம் போன திசையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

மலையாளம் என்பதை ஏற்க மாட்டேன். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் என்பதற்காக எங்கள் வாயில் உள்ளதெல்லாம் அயல்சொல் ஆகிவிடாது. மறிதல் தலைகீழாதல், திரும்புதல் என்ற பொருளில் பழந்தமிழிலேயே உண்டு.

இன்னொரு வசதியும் இருக்கிறது. படிவத்தில் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு கட்டம். நோயாளி தானே சாய்த்தால் கால் மறிகிறது, மறிவு. குதிகாலை ஒரு கையில் தாங்கி நான் சாய்த்தால் மறிக்கிறேன், மறிப்பு. ஒரே வேரில் இரண்டு கட்டமும் நிரம்பிவிடும். புரள்வுக்கு இணை புரட்டு. மருத்துவப் படிவத்தில் 'உட்புரட்டு' என்று எழுத எனக்கு மனமில்லை.

நாகர்கோவிலிலிருந்து, புதன்

தன்வினை, பிறவினை! இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். பாசிவ் என்றதும் செயப்பாட்டுவினை என்று எழுதிவிடாதே. நீ செய்ய வைக்கிறாய், ஆகவே பிறவினை அசைவு.

ஆனால் புணர்ச்சியைப் பார். உள்ளோடு மறிவு சேர்ந்தால் உண்மறிவு. 'உண்மை அறிவு' என்று படித்துவிடுவார்கள். மறி என்றால் ஆட்டுக்குட்டியும்கூட. தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப்பெயர்களில் ஒன்று.

தக்கலையிலிருந்து, வியாழன்

உள்மனம் என்று எழுதுகிறோம், உண்மனம் என்று யாரும் எழுதுவதில்லை. புணர்ச்சி ஒரு தடையில்லை. ஆனால் இந்தப் படிவம் நம் மாவட்டத்தோடு நிற்காது. நம் மாணவர்கள் நாளை திருச்சியிலும் வேலூரிலும் வேலை பார்ப்பார்கள். என் வாக்கு உட்புரள்வுக்கு.

நம் பனையேறிகளின் காலைப் பற்றியும் யாராவது எழுதலாம். தளைநார் மாட்டி ஏறும்போது இரண்டு உள்ளங்காலும் மரத்தை அணைத்து ஒன்றையொன்று பார்க்கும். அந்த நிலைக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கக்கூடும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து, வெள்ளி

எண்ணிப் பார்த்தேன். உட்புரள்வுக்கு ஐந்து பேர், மறிவுக்கு மூன்று, பிறழ்வுக்கு ஐயா ஒருவர். அளவெடுக்கும் கட்டங்களில் உட்புரள்வு, வெளிப்புரள்வு என்றே போட்டுவிட்டேன். தன்வினை, பிறவினை அப்படியே நிற்கின்றன. முறிவுச் சந்தேகக் கட்டம் தலைப்பில் இருக்கிறது.

நோயாளியிடம் கேட்கும் முதல் வரியை மட்டும் மாற்றவில்லை. 'கால் எந்தப் பக்கம் மறிஞ்சுது? உள்ளேயா, வெளியேயா?' பக்கத்திலேயே உள்ளங்கால் உள்பக்கம் பார்க்கும் ஒரு படம்.

நாகர்கோவிலிலிருந்து, வெள்ளி இரவு

அச்சாகட்டும், மகளே. அடுத்த பதிப்பு வரும்போது சொல். பிறழ்வுக்கு இன்னும் நான்கு இலக்கியச் சான்று எடுத்து வைத்திருக்கிறேன்.