நாடகமும் சைல்ட்கேரும் வேண்டும் என்றாள் மகள்: சிக்ஸ்த் ஃபார்ம் பாடத்தெரிவில் எங்கள் அனுபவம்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு அம்மா:

மகள் இப்போது இயர் 13, அதாவது சிக்ஸ்த் ஃபார்மின் (16 முதல் 18 வயது வரை படிக்கிற இரண்டு வருடம்) கடைசி வருடம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒவ்வொரு இரவும் ஒரே கதைதான், சிக்ஸ்த் ஃபார்மில் என்ன எடுப்பது என்று. டிராமாவும் சைல்ட்கேரும் (குழந்தைப் பராமரிப்பு) என்றாள். இவர் ஒன்றும் கதைக்கவில்லை. மச்சாளின் மகன் பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எடுத்த வருடம் அது, எனக்கும் மனம் அங்கேதான் ஓடியது.

மாறியது ஒரு சனிக்கிழமை. அவள் தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புக்கு உதவிக்குப் போவாள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று தாயின் சால்வையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அழுதது. ஆசிரியை படப்புத்தகம் காட்டினார், தாய் அதட்டினார், ஒன்றும் சரிவரவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து, யாரோ தவறவிட்ட கம்பளிக் கையுறையைக் கையில் மாட்டி, அதன் வாயைத் திறந்து மூடி, "என்ர தம்பியைக் காணேல்லை" என்று கீச்சுக் குரலில் விம்மத் தொடங்கினாள். பிள்ளை அழுகையை நிறுத்திப் பார்த்தது. பிறகு சால்வையை விட்டுவிட்டு, மற்றக் கையுறையைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்துவிட்டது. டிராமாவும் சைல்ட்கேரும் இவளுக்கு ஒரே வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் கல்லூரி டைம்டேபிளுக்கு அது விளங்காது. நவம்பரில் நாங்கள் முதலில் போன கல்லூரியின் ஓப்பன் ஈவினிங்கில் இரண்டும் சேர்த்துப் படிக்கலாம் என்றார்கள், நாங்களும் நம்பி விண்ணப்பித்தோம். ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவில் எழுதுகிற பொதுப் பரீட்சை) ரிசல்ட் வந்து என்ரோல்மென்டுக்குப் போனால், சைல்ட்கேர் இங்கே டி லெவலாகத்தான் (வேலைப் பயிற்சியோடு வருகிற தொழில் கோர்ஸ்) இருக்கிறது, அதோடு வேறு பாடம் எடுக்க முடியாது என்கிறார்கள். ஒரு டி லெவல் மூன்று ஏ லெவலுக்கு (ஒவ்வொரு பாடமாக எடுக்கிற வழக்கமான சிக்ஸ்த் ஃபார்ம் படிப்பு) சமம், இரண்டு வருடமும் அதுவே நிரப்பிவிடும். ஏர்லி இயர்ஸ் எடுகேட்டர் (சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக் கற்பிப்பவர்) பிரிவென்றால் குறைந்தது 750 மணி நேரம் நேர்சரி மாதிரி இடங்களில் பிளேஸ்மென்ட், அதாவது வேலைப் பயிற்சி வேறு. அதை நவம்பரிலேயே சொல்லியிருந்தால் என்ன? பிள்ளை அந்த வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டாள், எனக்கு இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த நாள் காலையிலேயே இரண்டு பஸ் மாறி வேறொரு கல்லூரிக்குப் போனோம். அங்கே ஒரு ஏ லெவல் அளவிலான சைல்ட்கேர் கோர்ஸ் இருந்தது. அதையும் டிராமா, சைக்காலஜி ஏ லெவல்களையும் எடுத்தாள். ஒன்றைக் கவனியுங்கள், இந்தச் சின்ன கோர்ஸ் முடித்தால் ஏர்லி இயர்ஸ் எடுகேட்டர் தகுதி கிடைக்காது, நேர்சரியில் தகுதி பெற்ற லெவல் 3 ஆளாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். யூனிவர்சிட்டிக்குப் போய் பிரைமரி டீச்சராக வருவதுதான் இவள் நோக்கம் என்பதால் எங்களுக்குச் சரிவந்தது. 18 வயதில் நேரே வேலைக்குப் போக விரும்புகிற பிள்ளைக்கு இது சரிவராது.

டிராமா என்றால் எழுத்து வேலை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏக்யூஏ என்கிற பரீட்சை போர்டில் 3 மணி நேர எழுத்துப் பரீட்சை இருக்கிறது, 40 சதவீதம் அதற்கு. மிச்சம் 60 செய்முறை என்றாலும், தாங்களே உருவாக்கும் நாடகத்துக்கு ஒவ்வொரு ஒத்திகையிலும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று குறிப்பேடு எழுத வேண்டும். நேரில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றியும் பரீட்சையில் எழுத வேண்டும். குளோப் தியேட்டரில் நின்று பார்க்கிற டிக்கெட் மலிவு, நானும் கூடப் போய் மழையில் நின்று பார்த்தேன். இவள் விழித்திருந்து எழுதுகிற அளவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த பிள்ளை விழித்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்ட் ஹாமில் நேர்சரியில் வேலை செய்பவர்:

அக்கா, நான் 11 வருடமாக நேர்சரியில். எங்களிடம் பிளேஸ்மென்டுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் "எனக்குக் குழந்தைகள் என்றால் விருப்பம்" என்றுதான் வருவார்கள். விருப்பம் வேண்டும்தான், ஆனால் நாப்பி மாற்றி நேரம் குறித்து, யார் விழுந்தாலும் ஆக்சிடென்ட் ஃபார்ம் நிரப்பித் தாயிடம் கையெழுத்து வாங்கி, நாள் முழுக்க முழங்காலில் நிற்கிற வேலை இது. இங்கிலாந்துச் சட்டப்படி 2 வயதுக்குக் கீழ் 3 குழந்தைக்கு ஒருவர், 2 வயதுக் குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர். ஒருவர் லீவு என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் ஓட்டம்தான். சம்பளமும் குறைவு, பிள்ளைகளிடம் அதை மறைக்காதீர்கள்.

ஆனால் டிராமா படித்த பிள்ளை வந்தால் முதல் நாளே தெரியும். கதை நேரத்தில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைக்காமல் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துச் சொல்லும். இங்குள்ள பாலர் பாடத்திட்டத்தின் ஏழு பிரிவுகளில் கலை வெளிப்பாடும் ஒன்று, பாவனை விளையாட்டு அதற்குள்தான் வருகிறது. உங்கள் மகளின் கையுறை விளையாட்டை நான் நாளைக்கே எங்கள் அறையில் செய்து பார்க்கப் போகிறேன்.

அப்புறம், ஜிசிஎஸ்இ-யில் இங்கிலிஷிலும் மேத்ஸிலும் கிரேட் 4 வரவில்லை என்றால் சிக்ஸ்த் ஃபார்மிலும் அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும். பிரைமரி டீச்சிங் போக நினைக்கிற பிள்ளைக்குச் சயன்ஸிலும் 4 வேண்டும், அதை இயர் 11-லேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோய்டனிலிருந்து ஒரு தம்பி, வயது 23:

அன்ரி, நான் அப்பாவுக்காகக் கெமிஸ்ட்ரி எடுத்துவிட்டு மூன்றாவது வாரத்தில் டிராமாவுக்கு மாறினவன். இப்போது விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர். டிராமாதெரபிஸ்ட் (நாடகத்தின் வழியாக மனநலச் சிகிச்சை தருபவர்) ஆகக் காசு சேர்க்கிறேன். அந்தப் பெயரை யாரும் சும்மா போட முடியாது, மாஸ்டர்ஸ் முடித்து அரசு அங்கீகரித்த பதிவேட்டில் சேர்ந்தால்தான் போடலாம். அதனால் டிராமா எடுத்தால் அடுத்து என்ன என்று கேட்கிற அப்பாமாருக்கு இதையும் சொல்லுங்கள்.

தவறாக எடுத்துவிட்டோம் என்று தோன்றினால் அரையாண்டு வரை காத்திருக்க வேண்டாம். நான் செப்டெம்பரிலேயே கேட்டதால்தான் இடம் கிடைத்தது. எனக்குப் பிறகு அக்டோபரில் கேட்ட நண்பனுக்கு, வகுப்பு நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் இயர் 12-ஐத் திரும்பத் தொடங்கு என்றுதான் சொன்னார்கள்.