முதல் வில் எது? லாங்போ, ரிகர்வ், குதிரை வில்: பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

சுங்கை சிப்பூட் தோட்டத்துத் திடலில் வில் பழக வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த வில் வாங்கலாம்?" பழகியவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

---

வகை பிறகு, முதலில் பவுண்டை, அதாவது வில்லை இழுக்க வேண்டிய கனத்தைப் பாருங்கள். குலை வெட்டிப் பழகிய கைக்கு 40 பவுண்டு பெரிதில்லை என்று நினைத்து வாங்குகிறார்கள். வில்லை இழுப்பது முதுகுத் தசை. அது தனியாகப் பழக வேண்டும். கனம் தாங்காதபோது தோள் காதுவரை ஏறும், நாண் முகத்துக்கு வந்து சேருமுன்பே விரல் விட்டுவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. பெரியவர்களுக்கு 20 முதல் 25, பதின்ம வயதினருக்கு 15 முதல் 18 போதும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வருவது. இரு கையையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு தோராயமாகத் தெரியும். 65 அங்குலம் விரிந்தால் 26 அங்குல இழுப்பு. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு பவுண்டுபோல் குறையும், ஆக 25 பவுண்டு வில் உங்கள் கையில் ஏறக்குறைய 21தான்.

---

அண்ணன் சொன்னது சரி. வகை என்று கேட்டால் கழற்றி மாட்டும் மர ரிகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்), 62 முதல் 68 அங்குலம், என்பதே என் பதில். கை தேறியதும் லிம்பை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை) மட்டும் மாற்றிக் கனம் கூட்டலாம், புது வில் வேண்டாம். அம்பு தங்க மேடை இருப்பதால் கையில் இறகு உரசாது.

லாங்போ (முனை வெளியே வளையாத நெடிய வில்) எளிது, லிம்ப் முறுக்கிக்கொள்ளும் தொல்லை குறைவு. ஆனால் பல லாங்போக்களில் அம்பு வில்லின் நடுக்கோட்டுக்கு வெளியே உட்காரும். விட்டதும் அது வளைந்து வில்லைச் சுற்றிப் போயாக வேண்டும். விறைப்பான அம்பு வளையாமல் இடப்பக்கம் ஓடும் (வலக்கைக்காரர்களுக்கு). குறி பார்ப்பதில்தான் பிழை என்று மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். பிழை அம்பில் இருக்கிறது. 20 முதல் 25 பவுண்டுக்கு 900, 1000 ஸ்பைன் (அம்பின் விறைப்பைக் காட்டும் எண்) கார்பன் அம்பிலிருந்து தொடங்குங்கள். எண் கூடக்கூட அம்பு இளகும்.

---

குதிரை வில்லை (குதிரைமேலிருந்து எய்வதற்கான குட்டை வில்லை) ஒதுக்காதீர்கள். துருக்கி, ஹங்கேரி, மங்கோலிய, கொரிய வகைகளுக்கு இங்கே ஆசைப்படுகிறவர்கள் நிறைய. கட்டைவிரல் இழுப்புதான் வேண்டும் என்றால் அதிலேயே தொடங்குங்கள், மூன்று விரலில் பழகிவிட்டு மாறுவது சிரமம். வலக்கைக்காரர் கட்டைவிரலில் இழுத்தால் அம்பு வில்லின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் வைத்தால் கை முறுக்கும்போது அம்பு நழுவி விழும். குட்டை வில்லை மூன்று விரலால் இழுத்தால் நாண் கூர்கோணமாக மடங்கி விரலை நசுக்கும்.

இந்த வில்லில் மேடை கிடையாது, அம்பு கைமேல்தான் ஓடும். பிளாஸ்டிக் இறகு ஒத்துவராது, பறவை இறகே வேண்டும். அதன் முன்முனைத் தண்டு தூக்கி நின்றால் கையில் ஊசிபோல் ஏறிவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் நூல் சுற்றிப் பசை தடவுங்கள்.

---

நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கொம்பும் நரம்பும் விலங்குப் பசையில் ஒட்டிய அசல் வில் இந்த ஈரத்தில் இளகிவிடும். தொடங்குபவருக்கு ஃபைபர் கிளாஸ் ஒட்டியதே நல்லது. அதையும் மத்தியானம் பூட்டிய காடிக்குள் விடக்கூடாது, சூட்டில் அடுக்குப் பிரியும். முழு மரவில்லாக இருந்தால் பழகி முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வளைவு அப்படியே நின்று விசை போய்விடும்.

நாணேற்ற அதற்கான கயிறு வாங்குங்கள். காலுக்கிடையில் வில்லை விட்டு வளைப்பதில்தான் ரிகர்வ் லிம்ப் அதிகமாக முறுக்கிக்கொள்கிறது. ஏற்றியதும் இரு முனையிலும் நாண் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி ரிகர்வில் 7.5 முதல் 8.5, லாங்போவில் 6 முதல் 7 அங்குலம். வில்லோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. இடைவெளி குறைந்தால் நாண் முன்கையில் அடிக்கும், வில் அதிரும். நாணைக் கழற்றி முறுக்குக் கூட்டினால் சரியாகும். பழைய மரவில்லுக்கு டேக்ரான் (சற்று நெகிழும் பாலியஸ்டர் நூல்) நாண் மட்டும்.

அம்பில்லாமல் இழுத்து விடாதீர்கள். அம்பு வாங்க வேண்டிய விசை லிம்புக்கே திரும்பி வில்லைப் பிளக்கும். சும்மா இழுத்தால் மெதுவாகத் திரும்ப இறக்குங்கள்.

---

இடம் பற்றியும் ஒன்று. அரிசிச் சாக்கில் பழந்துணியை இறுக்கித் திணித்தால் 25 பவுண்டுக்குப் போதுமான இலக்கு. முதலில் 5 மீட்டரில் நில்லுங்கள், அம்புகள் ஒரு கொத்தாக விழுந்த பிறகு 10 மீட்டர். பின்னால் மண்மேடு இருக்கட்டும். செம்பனை வரிசையைப் பார்த்து எய்யவே கூடாது: மட்டைக் குவியலுக்குப் பின்னால் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறவர் திடலிலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டார்.