புதுப்பிப்பு: கையெழுத்துப் பக்கங்கள் ஏன் திரும்பி வருகின்றன?

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2018இல் தொடங்கிய 'பை தி பீப்பிள்' திட்டத்தில், தன்னார்வலர்கள் பழைய கடிதங்களை இணையத்தில் தட்டச்சு செய்யும் முறையைச் சென்ற பதிவில் சொல்லியிருந்தேன். சமர்ப்பித்த பக்கத்தைச் சரிபார்ப்பவர் ஏன் மீண்டும் திருத்தத்துக்குத் திறக்கிறார் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முக்கியக் காரணம், நல்லெண்ணத்தில் செய்யும் திருத்தம். எழுத்துப்பிழையைச் சரிசெய்யாதீர்கள், சுருக்கத்தை விரிக்காதீர்கள். மூலத்தில் உள்ளபடியே வரவேண்டும். வரி முறிவுகளும் அப்படியே. ஒரே விதிவிலக்கு, வரியின் கடைசியில் உடையும் சொல். 'வாஷிங்-' என்று ஒரு வரி முடிந்து 'டன்' அடுத்ததில் தொடங்கினால், முழுச் சொல்லையும் முதல் வரியிலேயே அடியுங்கள். உடைந்த சொல் தேடலில் சிக்காது. இவ்வளவு உழைப்பும் தேடிக் கண்டெடுக்கத்தானே!

வரிக்கு மேலே செருகிய சொல்லைப் படிக்கும் வரிசையில் சேருங்கள். மூலத்தில் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுங்கள். படிக்கவே முடியாவிட்டால் அதற்குள் கேள்விக்குறி மட்டும் போதும். ஊகித்து நிரப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

சென்ற பதிவில் விட்டுப்போனது: தட்டச்சுக்குக் கணக்கு தேவையில்லை, சரிபார்க்கத் தேவை. அதுவும் வேறொருவர் அடித்த பக்கத்தை மட்டுமே. சரிபார்ப்பவர்கள் இன்னும் வேண்டும், வாருங்கள்.